சொந்தக் காரணங்களால்

கடையில் விற்கும் அந்தப் படிவத்தில்
வேலை விவரத்துக்குப் பதினான்கு கோடுகள்.
ஒரு வேலைக்கு இரண்டு கோடு போகும்.
சேர்ந்தேன் என்று ஒன்று,
சொந்தக் காரணங்களால் விலகினேன் என்று ஒன்று.
எனக்குக் கோடு போதாமல்
மூன்று வருஷம் ஆகிறது.

சொந்தக் காரணம்:
எல்லோரும் எழுதுவது, யாரும் கேட்காதது.
பல் மருத்துவமனை வரவேற்பில் என் சொந்தக் காரணம்
டாக்டரின் மனைவி.
மூக்குக்கண்ணாடிக் கடையில்,
காலைதோறும் வரிசையில் நின்று கத்த வேண்டிய உறுதிமொழி.
பயண முகவர் அலுவலகத்தில் காரணமே இல்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை. ஜன்னலுக்கு வெளியே டிராம்.
அதில் ஏறினால் என்ன என்று தோன்றியது.
ஏறினேன்.

அண்ணன் தெத்சுரோவுக்கு ஒரே கோடு.
பதினெட்டு வயதில் நுழைந்த ஆலை,
கார்களுக்கு சீட் பெல்ட் கொக்கி.
இருபத்தொன்பது வருஷம்.
என் காரில் ஏறினால் பெல்ட்டை மாட்டிவிட்டு
ஒரு கணம் தலையைச் சாய்ப்பான்,
'கிளிக்' சரியாக விழுந்ததா என்று.
சரியில்லை என்றால் சொல்ல மாட்டான்.
கழற்றி மறுபடி மாட்டுவான்.

தொயோஹஷியில் எனக்கு அறை பார்த்தபோது
ஜாமீன் கையெழுத்து அவனுடையது.
எத்தனை வருஷமாக ஒரே கம்பெனி என்று கேட்ட முகவர்
பதிலைக் கேட்டதும் எழுந்து குனிந்தார்,
அவனுக்கு.
எனக்குச் சாவியைக் கொடுத்தார்.
ஓரிடத்தில் கால் தரிக்காதவள் என்று
அண்ணி சமையலறையில் சொன்னது கேட்டது.
பொய்யில்லை.

ஆனாலும்
நான்காவது வேலையில்தான் எனக்கு
குரல் உயர்த்தாமல் 'முடியாது' சொல்ல வந்தது.
ஏழாவதில், மதியச் சாப்பாட்டு மேஜையில்,
பிரேசில்காரிகள் இருவர்
போர்த்துகீசில் திட்டக் கற்றுத் தந்தார்கள்.
இன்றும் போக்குவரத்து நெரிசலில் கைகொடுக்கிறது.
ஒன்பது வழியனுப்புகள், ஆறு பூங்கொத்து.
எதுவும் வீட்டில் ஒரு வாரம் தாங்கவில்லை.
அவனுக்கு இருபதாம் ஆண்டு நிறைவில்
சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.
நன்றாகத்தான் ஓடுகிறது.
நடுநிசியில் ஓய்வூதியச் சீட்டைப் பிரித்து
நடுவில் விடுபட்ட மாதங்களை எண்ணும்போது
அந்தக் கடிகாரம்தான் நினைவுக்கு வரும்.

போன ஞாயிறு சொல்லாமல் வந்தான்.
ஒரு பை நிறைய ஆரஞ்சு.
"ஆலை தாய்லாந்துக்குப் போகிறது.
நான் போகவில்லை" என்றான்,
விருந்துக்கு வர இயலாது என்பதைப் போல.
இரண்டாவது பழத்தை உரித்து முடித்த பிறகு,
"அந்தப் படிவம், நீ எங்கே வாங்குவாய்?"

என் மேஜை இழுப்பில் எப்போதும் ஒரு கட்டு உண்டு.

சேர்ந்தேன் என்று எழுதினான், தேர்வு எழுதும் பையனின் கையெழுத்தில்.
பேனா நின்றது.
"காரணம்?"
"நிறுவனத்தின் காரணங்களால் விலகல்."
ஒன்பது முறை விலகியும்
நான் ஒரு தடவையும் எழுதியிராத வாக்கியம்.
"சொந்தக் காரணம் என்று போடட்டுமா?
கொஞ்சம் கௌரவமாக இருக்குமே."
"உதவித்தொகை தாமதமாகும்" என்றேன்.
தலையாட்டி, உண்மையை எழுதினான்.

கீழே பன்னிரண்டு கோடுகள், காலி.
வேற்று ஊர் ஸ்டேஷனில் வழிப்படம் பார்ப்பவனைப் போல
அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.
எனக்குப் பொறாமையாக இருந்தது.
அந்த ஒற்றை வேலை மீதா,
அந்த வெற்றுக் கோடுகள் மீதா,
இன்னும் பிடிபடவில்லை.

ஸ்டேஷனுக்குக் கொண்டுவிடக் காரை எடுத்தேன்.
பெல்ட்டை மாட்டினான். தலையைச் சாய்த்தான்.
கழற்றினான். மாட்டினான்.
"இது எங்கள் கொக்கி இல்லை" என்றான்.
'எங்கள்' அவன் வாயை விட்டுப் போன பின்
சிக்னல் பச்சையானது.
பின்னாலிருந்து ஒருவர் ஹார்ன் அடிக்கும்வரை
நான் வண்டியை நகர்த்தவில்லை.